கூரை திறந்த மண்டபத்தில் ஒரு தாய்

1914ஆம் ஆண்டு. பதினெட்டு வயது பீட்டர் போருக்குப் போகத் துடித்தான். அப்பாவின் சம்மதம் வேண்டும், அவரோ மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் மன்றாடி, அனுமதி வாங்கித் தந்தவர் தாய். அவர்தான் ஜெர்மனியின் புகழ்பெற்ற கலைஞர் கேத்தே கொல்விட்ஸ்.

அக்டோபரில், பெல்ஜியப் போர்முனையில் பீட்டர் இறந்துபோனான்.

நான்தானே அனுப்பிவைத்தேன் என்ற வேதனை அவரை விடவே இல்லை. மகனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்யத் தொடங்கினார், நிறுத்தினார், மீண்டும் தொடங்கினார். 1932இல்தான் அது பெல்ஜியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மண்டியிட்ட இரண்டு கருங்கல் உருவங்கள்: தந்தை நிமிர்ந்து தன்னையே கட்டிக்கொண்டிருக்கிறார், தாய் தலைகவிழ்ந்து குனிந்திருக்கிறார். இரண்டும் கொல்விட்ஸ் தம்பதியின் முகங்களே. மகனின் உருவம் அங்கே இல்லை.

1937இல், மகன் இறந்த அதே அக்டோபர் நாட்களில், இன்னொரு சிற்பத்தில் அவர் ஈடுபட்டிருந்தார். ஒரு முழம்கூட உயரமில்லாத வெண்கலச் சிலை. கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கும் முதிய தாய். அவள் முழங்கால்களுக்கிடையே, கருவறைக்குள் திரும்பிவிட்டவன்போல் ஒடுங்கிக் கிடக்கும் இறந்த மகன். அவள் ஒரு கை அவன் கையைத் தொட்டிருக்கிறது, மறு கை தன் வாயருகே. அழுகை இல்லை, ஏதோ யோசனையில் ஆழ்ந்த முகம்.

அதன் பெரிதாக்கிய வடிவம் 1993 முதல் பெர்லினின் நோயே வாகே நினைவு மண்டபத்தில் தனியாக இருக்கிறது. சிலைக்கு நேர் மேலே கூரையில் ஒரு வட்டத் திறப்பு. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் அந்தத் தாயின் தலைமேல்தான் விழுகிறது.