ஒரே சஹன், நான்கு உடம்பு: ஓடுகிறவர்களின் உணவு பற்றி



சில ஆண்டுகளாக நம் மஹல்லாவில் ஒரு நல்ல பழக்கம் வளர்ந்து வருகிறது. சுப்ஹு தொழுகை முடிந்ததும் மைதானத்தில் ஓட்டமும் நடையுமாகக் கூட்டம் சேர்கிறது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு ஓடத் தொடங்கிய பெரியவர்கள், பர்தாவோடும் கான்வாஸ் ஷூவோடும் சேர்ந்து வரும் பெண்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இவர்களில் பலர் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஓடுறவங்க என்ன சாப்பிடணும்?" கைபேசியைத் திறந்தால் ஒருவர் சோற்றையே விடச் சொல்கிறார். இன்னொருவர் வெறும் வயிற்றில் ஓடச் சொல்கிறார். மூன்றாமவர் மூவாயிரம் ரூபாய்க்குப் பவுடர் வாங்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?

நம் வீட்டு விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அது நம் ஒற்றுமைக்கு அழகு. ஆனால் அந்த நான்கு பேரின் உடம்பும் ஒன்றல்ல. எனவே ஓடுகிற எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் கிடையாது. ஒரே அடுப்பில் சமைத்ததை அவரவர் வயது, நோய், ஓட்டம் ஆகியவற்றுக்குத் தக்கபடி எடுத்துக்கொள்வதுதான் சரி. அதை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

ஓட்டத்துக்கு என்ன செலவாகிறது?

ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 300 கலோரி செலவாகும். ஓடி முடித்து வரும் வழியில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டால், செலவானதைவிடக் கூடுதலாகவே உள்ளே போய்விடும். "தினமும் ஓடுறேன், எடை குறையலையே" என்று வருந்துவோர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது.

வேகமாக ஓடும்போது தசைகளுக்கு முதன்மையான எரிபொருள் மாவுச்சத்து. அது தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. சோறு, இட்லி, இடியாப்பம், கேழ்வரகு, கிழங்கு எல்லாம் அதைத்தான் தருகின்றன. உலகின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களைத் தரும் கென்யாவில் அன்றாட உணவு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் களிதான் அது. கூடவே கீரை, அவரை வகைகள், பால், கொஞ்சம் இறைச்சி. ஆகவே ஓடுகிறவர் சோற்றை வெறுக்க வேண்டியதில்லை. யாருக்கு எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

நேரத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. வயிறு நிறையச் சாப்பிட்டால் ஓட மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நெய்ச்சோறும் தால்சாவும் சாப்பிட்ட வெள்ளிக்கிழமை மாலையில் ஓடினால் வயிறு பிசைவதற்குக் காரணம், கொழுப்பு செரிக்க நேரம் பிடிப்பதுதான். காலையில் அரை மணி நேரம் மெதுவாக ஓடும் ஆரோக்கியமானவர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடலாம். அதற்கு மேல் ஓடுவோரும் வேகப் பயிற்சி செய்வோரும் ஒரு வாழைப்பழமோ இரண்டு மூன்று பேரீச்சம்பழமோ சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து ஓடலாம். முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பசியாறிவிடுவது நல்லது.

முதல் உடம்பு: தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். இந்தப் பிள்ளைகள் காலையில் ஓடி, பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய், மாலையில் மறுபடி பயிற்சி செய்கிறார்கள். இவர்களிடம் நாம் காணும் பெரிய குறை, காலை உணவைத் தவிர்ப்பது. மைதானத்தில் ஒரு டீ, பத்தரை மணிக்கு ஒரு பப்ஸ், மதியம் கிடைத்தது, இரவு பதினொரு மணிக்குப் பிரியாணி. இப்படியிருந்தால் உடம்பு தேறாது.

இவர்களுக்கு மாவுச்சத்தும் புரதமும் இரண்டுமே கூடுதலாக வேண்டும். சாதாரணமாக ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. கடும் பயிற்சி செய்வோருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படலாம். 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 72 முதல் 96 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம் இருக்கிறது. இரண்டு டம்ளர் பாலில் 13 கிராம் அளவுக்கு இருக்கும். ஒரு கை வேர்க்கடலையில் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8, நூறு கிராம் மீனிலோ கோழியிலோ 20க்கு மேல். பருப்பாணமும் சோறும் மீதியைத் தந்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பவுடர் வாங்கத் தேவையில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்பது. பெயர் தெரியாத டப்பாக்களில் ஊக்கமருந்து கலந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டு, அது ஹலாலா என்பது. மாத்திரைக் கூடுகளில் உள்ள ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்று பல டப்பாக்களில் எழுதியிருப்பதில்லை.

தேர்வு நாளன்று புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது. பழகிய இட்லியை, பழகிய அளவில், ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டால் போதும்.

இரண்டாம் உடம்பு: களைத்துப் போகும் மகள்

சில பெண் பிள்ளைகள் ஆர்வமாக ஓடத் தொடங்கி, இரண்டு வாரத்தில் "மூச்சு வாங்குது, முடியல" என்று நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் அதைச் சோம்பல் என்கிறார்கள். பெரும்பாலும் அது சோம்பல் அல்ல, இரத்தக் குறைவு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் தசைகளுக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராது. அந்த நிலையில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஓட்டம் முன்னேறாது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். குறைவு என்றால் டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை முழுமையாகச் சாப்பிட வேண்டும். உணவில் ஆட்டு ஈரல், சுவரொட்டி, இறைச்சி ஆகியவற்றில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். வீட்டில் ஈரல் சமைத்தால் அது முதலில் ஆண்களின் தட்டுக்குப் போகும் வழக்கத்தைத் தாய்மார்கள் மாற்ற வேண்டும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றோடு சாப்பிட்டால் சேர்வது கூடும். பேரீச்சம்பழத்தில் இரும்பு ஓரளவே இருக்கிறது; அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். டீயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைச் சேர விடாமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெலிய வேண்டும் என்று அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டு தினமும் ஓடும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று போகலாம். அதை வசதி என்று நினைத்து விட்டுவிட்டால் எலும்பு பலவீனமாகும். உம்மாமார்கள் கூச்சப்படாமல் கேட்டு, டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

மூன்றாம் உடம்பு: சர்க்கரை உள்ள வாப்பா

இங்குதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஓட்டமும் நடையும் சர்க்கரை நோய்க்கு நல்ல மருந்து. ஆனால் இன்சுலின் போடுபவர்களும், கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. தம் மாத்திரை எந்த வகை என்று தெரியாதவர்கள் சீட்டை எடுத்துப் போய் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை இறங்கும் வகை மருந்து சாப்பிடுபவர்கள் ஓடுவதற்கு முன் அளவைப் பார்ப்பது நல்லது. 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. அளவு பார்க்கும் கருவி கையில் இல்லையென்றாலும் இந்த அறிகுறிகளுக்குச் சர்க்கரை கொடுப்பதே பாதுகாப்பு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அழைக்க வேண்டும். ஓடப் போகும்போது சட்டைப் பையில் மூன்று பேரீச்சம்பழமோ சிறு சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். தனியாகப் போகாமல், தம் நிலை தெரிந்த ஒருவரோடு போகட்டும்.

தட்டைப் பொறுத்தவரை, பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கால் பங்கு சோறு என்பது எளிய அளவு. "ஓடிட்டு வந்திருக்கேனே" என்று வட்டிலப்பம் இரண்டு துண்டு சாப்பிட்டால் ஓடிய பலன் போய்விடும். நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகள் ஓடத் தொடங்குமுன் ஒரு தடவை இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

நான்காம் உடம்பு: முழங்கால் வலிக்கும் உம்மா

எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகச் சாப்பிடுவதும், "வீணாகுதே" என்று சட்டியில் மிச்சமிருப்பதை வழித்துப் போட்டுக்கொள்வதும் நம் தாய்மார்களின் இயல்பு. எடை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ அளவுக்குச் சுமை குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆகவே இவர்கள் வேக நடையில் தொடங்கி, இடையிடையே ஒரு நிமிடம் மெல்ல ஓடினால் போதும். பட்டினி கிடக்க வேண்டாம். பொரித்ததையும், நாளொன்றுக்கு நான்கைந்து தடவை குடிக்கும் சர்க்கரை போட்ட டீயையும் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். எலும்புக்குப் பாலும் கேழ்வரகும் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்க வேண்டும்.

தண்ணீரும் உப்பும்

நம் ஊர் புழுக்கத்தில் ஒருவருக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பதை அறிய எளிய வழி உண்டு. ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுசெய்ய வேண்டும். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் பெரும்பாலோருக்குப் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

ரமளானில் ஓடுவோருக்கு

பயிற்சியை முழுவதும் விட வேண்டியதில்லை. வேகத்தையும் தூரத்தையும் குறைத்துக்கொண்டால் போதும். மஃரிபுக்கு அரை மணி நேரம் முன்பு மெதுவான ஓட்டம், அல்லது தராவீஹுக்குப் பிறகு என்று இரண்டு நேரங்கள் பொருந்தும். நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. அரிசியும் பருப்பும் கொஞ்சம் இறைச்சியும் உப்பும் நீரும் சேர்ந்த அந்தக் கஞ்சி, ஓடியவருக்கு வேண்டியது எல்லாவற்றையும் தருகிறது. அதற்குப் பக்கத்தில் வைக்கும் சமோசாவும் வடையும்தான் வயிற்றைக் கெடுக்கின்றன. ஸஹரில் முட்டை, பயறு, தயிர் இருக்கட்டும். ஸஹரைத் தவிர்த்துவிட்டு ஓடக் கூடாது.

சர்க்கரை உள்ளவர்கள் ரமளான் வருவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70க்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது. அதை ஏற்பதில் குறை ஒன்றுமில்லை.

உங்கள் உடம்பை நீங்களே கவனியுங்கள்

இரண்டு வாரம் ஒரு நோட்டில் நான்கே விஷயங்களை எழுதுங்கள்: என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு ஓடினோம், ஓடும்போது எப்படி இருந்தது. பால் குடித்த நாளில் வயிறு உப்புகிறதா, பேரீச்சம்பழம் சாப்பிட்ட நாளில் கால் லேசாக இருக்கிறதா, இரவு நேரங்கழித்துச் சாப்பிட்டால் காலையில் நெஞ்சு எரிகிறதா என்பதெல்லாம் தானே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டாருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அந்த நோட்டை டாக்டரிடம் காட்டினால் அவருக்கும் மருந்தின் அளவை முடிவுசெய்ய உதவும்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று செய்யுங்கள். ஓடுகிற பிள்ளை காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறானா, மகளின் ஹீமோகுளோபின் எவ்வளவு, வாப்பாவின் மாத்திரை எந்த வகை, உம்மா தட்டில் என்ன விழுகிறது என்று நான்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடல்நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.