பெரிய தொலைநோக்கிகளில் லென்ஸுக்குப் பதில் ஆடி இருப்பது ஏன்?

பூதக்கண்ணாடியில் லென்ஸ். நுண்ணோக்கியிலும் லென்ஸ். ஆனால் ஜவ்வாது மலையில், காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியில் ஒளியைத் திரட்டுவது 2.34 மீட்டர் அகலமுள்ள குழிந்த ஆடி. ஏன் இந்த மாற்றம்?

தொலைநோக்கியின் முதல் வேலை பெரிதாக்குவது என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, ஒளியைச் சேர்ப்பது! மழையில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்துப் பாருங்கள். எதில் அதிகத் தண்ணீர் சேரும்? மங்கலான நட்சத்திரத்தின் ஒளியைப் பிடிக்கவும் அப்படித்தான் அகன்ற வாய் வேண்டும்.

சரி, லென்ஸையே அகலமாகச் செய்தால் என்ன? செய்தார்கள். 1897இல் அமெரிக்காவின் யெர்க்கிஸ் ஆய்வகத்தில் சுமார் 1 மீட்டர் லென்ஸைப் பொருத்தினார்கள். அதற்கு மேல் போனால் தொல்லைதான்.

ஒளி லென்ஸின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அதனால் விளிம்பில் மட்டுமே அதைத் தாங்கிப் பிடிக்க முடியும். கனத்த கண்ணாடி தன் எடையாலேயே தொய்யும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவு வளைவதால் நட்சத்திரத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தெரியும்.

ஆடியில்? ஒளி உள்ளே போவதே இல்லை. மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. எல்லா நிறங்களும் ஒரே கோணத்தில் திரும்பும். முதுகு முழுவதும் முட்டுக் கொடுக்கலாம். 1668இல் நியூட்டன் ஆடியை நாடியதும் நிறச் சிக்கலைத் தவிர்க்கத்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆடியைத் துண்டு துண்டாகச் செய்து சேர்க்கலாம். ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியின் 10 மீட்டர் ஆடி, 36 அறுகோணத் துண்டுகளால் ஆனது!