தீவுக்கு ஏற்ற நூல், கைக்கு ஏற்ற ஊசி

வேலணைத் தீவின் புளியங்கூடலில் ஒருவர் குறோசே பின்னத் தொடங்கினால் ஊசியும் நூலும் அவர் கைக்கு இரண்டு வழிகளில் வரக்கூடும். பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாண நகரத்துத் தையற் சாமான் கடையில் இருப்பதை வாங்கிவரலாம். அல்லது வெளிநாட்டில் இருக்கும் பெறாமகளோ மச்சாளோ அனுப்பும் பொதியில் நூலுருண்டைகள் வந்து சேரலாம். 1990, 1991 இடப்பெயர்வுகளுக்குப் பிறகு தீவுப்பகுதிச் சனம் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று பரவிவிட்டதால் இரண்டாவது வழி நன்றாகவே திறந்து கிடக்கிறது. அன்பளிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நூல் பனி பெய்யும் ஊரின் கடையில், குளிருக்கு உடுப்பதற்காக அடுக்கி வைத்திருந்த நூல். தடித்த அக்ரிலிக், கம்பளி, இரண்டும் கலந்தது என்றுதான் அது பெரும்பாலும் இருக்கும். பன்னவேலை செய்கிற பெண்ணிடம் வேலிக்கு எடுக்கும் முற்றிய ஓலையைக் கொடுத்துப் பெட்டி இழைக்கச் சொன்னால் சிரிப்பார். குறோசேயில் மட்டும் கிடைத்த நூலைக் கிடைத்த ஊசியால் பின்னிவிடலாம் என்று நினைக்கிறோம். பின்னியதை உடுக்கப்போகும் உடம்பும் தோய்க்கப்போகும் தண்ணீரும்தான் நூலைத் தீர்மானிக்க வேண்டும். ஊசியை அதைப் பிடிக்கப்போகும் கை தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தத் தீவுக்குப் பருத்தி நூலும் பருத்த பிடியுள்ள ஊசியும்தான் பொருந்துகின்றன.

உடம்பிலிருந்து தொடங்குவோம். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 வீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அக்ரிலிக் பிடிப்பது 1.5 வீதம் அளவுதான். கம்பளி 16 வீதம் வரை பிடிக்கும். ஆனால் அது உடம்புச் சூட்டை வெளியே விடாது. சோளகம் அடிக்கும் மாதங்களில்கூடக் கடற்கரைக் காற்றில் ஈரம் குறைவதில்லை. காற்று விழுந்துவிட்ட சித்திரை மதியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வேளையில் அக்ரிலிக் தொப்பி போட்ட குழந்தையின் தலையில் வேர்வை நூலுக்குள் போகாமல் தோலிலேயே நிற்கும். கழுத்து மடிப்பில் வேர்க்குரு கிளம்பும். உடுப்பவரைப் போலவே பின்னுபவருக்கும் தொல்லைதான். மடியில் பரவிக் கிடக்கும் கம்பளிப் போர்வையைப் பின்னிக்கொண்டிருப்பது, இந்த வெக்கையில், அதைப் போர்த்திக்கொண்டு இருப்பதற்குச் சமம். வேர்த்த விரலில் அக்ரிலிக் நூல் ஒட்டி ஒட்டி வரும், அலுமினிய ஊசியில் கிறீச்சிடும், தையலின் இறுக்கம் வரிக்கு வரி மாறும்.

அடுத்தது தண்ணீர். தீவுகளின் நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. கோடை நீண்டால், அல்லது அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கிணறு சவர்த்துப் போகும். கடினமான தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசினாகத் துணியில் படியும். பருத்தியில் படிந்தால் இன்னும் இரண்டு தண்ணீரில் அலசலாம், அடித்துத் தோய்க்கலாம், வெயிலில் காயப்போடலாம். பருத்தி நனைந்தால் அதன் பலம் கூடும். கம்பளி நனைந்தால் பலம் குறையும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சவர்க்காரமும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். சலவைக் கல்லில் ஒரு தடவை தோய்த்த கம்பளிச் சட்டை பிறகு பொம்மைக்குத்தான் அளவாக இருக்கும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், தீவுக்குள் பாவிக்கப்போகும் பொருளுக்குப் பருத்தியைத் தவிர வேறொன்றைச் சிபாரிசு செய்ய எனக்கு நியாயம் தெரியவில்லை.

அக்ரிலிக் மலிவு, சாயம் போகாது, பூச்சி அரிக்காது, கார்த்திகை மழையிலும் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அத்தனையும் உண்மை. பருத்தி அந்த மாதத்தில் இரண்டு நாள் கொடியில் தொங்கியும் காயாமல் மக்கல் மணம் வீசும். ஆகவே பொதியில் வந்த அக்ரிலிக்கை வீசிவிட வேண்டியதில்லை. பொம்மை, பூமாலை, கைப்பை, கதவில் தொங்கும் அலங்காரம் என்று தோலில் படாத பொருளுக்கு அது போதும். அடுப்படிக்கு மட்டும் அதைக் கொண்டுபோகக் கூடாது. சூடான சட்டியைப் பிடிக்க அக்ரிலிக்கில் பின்னிய துணி உருகிக் கையில் ஒட்டும். லேபல் இல்லாத நூலை இனம் காண ஒரு நெருப்புக்குச்சி போதும். விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கோப்பைக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும்; கம்பளி மயிர் கருகும் மணம் தரும்; அக்ரிலிக் உருகிக் கறுத்துக் கெட்டியான மணியாகத் திரளும். கலப்பு நூலில் இரண்டும் சேர்ந்து வரும், அதில் கொஞ்சம் குழப்பம் உண்டு.

பருத்திக்கு எதிரான உண்மையான வாதம் வேறொன்று. அனுபவப்பட்டவர்கள் அதைத்தான் சொல்வார்கள்: பருத்தி கைக்குக் கடினம். கம்பளி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தையல் கொஞ்சம் இறுகிப்போனாலும் நூலே விட்டுக்கொடுக்கும். பருத்தி விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு கண்ணியிலும் கைதான் நெகிழ வேண்டும். மணிக்கணக்கில் பின்னினால் கட்டைவிரலின் அடி நோகும். இதை மறுக்க முடியாது. ஆனால் எல்லாப் பருத்தி நூலும் ஒரே மாதிரியானதல்ல. மெர்சரைஸ் செய்த நூல் காரச்சோடாவில் ஊறி, இழுவையில் நின்று மினுக்கம் பெற்றது. ஜோன் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற முறை அது. இழுத்துப் பிடித்து மினுக்கம் ஏற்றும் வழி பின்னால் வந்தது. மேசைவிரிப்பு, கதிரைச் சாய்வு விரிப்பு, சட்டைக் கழுத்து ஓரம் ஆகியவற்றுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. துவாய்க்கும் குழந்தைச் சட்டைக்கும் மெர்சரைஸ் செய்யாத மெத்தென்ற நூலே நல்லது. அது ஈரத்தைக் கூடுதலாகக் குடிக்கும், கையையும் குறைவாக நோகடிக்கும். வாங்கும்போது ஒரு சாண் நூலை இழுத்து, முனையை விரலிடுக்கில் முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக உருட்டிப் பார்க்க வேண்டும். உடனே நாலு இழையாகப் பிரிந்து விரிந்தால் ஊசி முனை ஒவ்வொரு தடவையும் இழைகளுக்கு நடுவே குத்தும். கண்ணுக்கும் வேலை, கைக்கும் வேலை. கயிறுபோல் விறைத்து நின்றாலும் வேண்டாம். பிறகு, லேபலில் சொன்னதைவிட அரை மில்லிமீற்றர் பெரிய ஊசியை எடுத்தால் பாதிச் சிரமம் போய்விடும். துணி சற்று இளகி வரும். காற்றோட்டம் தேவைப்படும் ஊரில் அது குறையே அல்ல.

ஊசியைப் பற்றித்தான் நாம் குறைவாக யோசிக்கிறோம். யாழ்ப்பாணத்துக்கு ஐரோப்பியப் பாணித் தையல் வேலை மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாக வந்தது. அமெரிக்க மிஷனின் உடுவில் மகளிர் பாடசாலை தொடங்கியது 1824இல். திருக்குடும்பக் கன்னியர் 1862இல் வந்தார்கள். அதே நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் குறோசே வேரூன்றியது. 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் கன்னியர் மடங்கள் அதைப் பிழைப்பு வழியாகவே கற்பித்தன. அந்தக் காலத்துக் குறோசேயின் நோக்கம் விலையுயர்ந்த லேஸை மலிவாகப் பார்த்துச் செய்வது. ஆகவே நூல் மெல்லியது, ஊசி உருக்கு, முனை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பருமன். பழைய தையற்பெட்டிகளில் கிடக்கும் அந்த ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டு தீக்குச்சியளவு. நடுவில் கட்டைவிரல் பதிய ஒரு சிறு தட்டை இடம். அதை உருளாமல் பிடிக்கக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளுவதுபோல் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிடி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குக் கிள்ளும் விசை கூடும். மணிக்கட்டு உள்ளே மடங்கும்போது அங்குள்ள ஒடுங்கிய பாதையில் நடுநரம்பு நெருக்குப்படும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்தால் அது வெறும் களைப்பல்ல. ஊசியை வைத்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த நரம்பு நெருக்கடி எளிதாக வரும்.

அம்மம்மாக்கள் இந்த ஊசியால் அறுபதாம் நம்பர் நூலில் முழு மேசைவிரிப்பே பின்னினார்களே, ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லையே என்று கேட்கலாம். நமக்கு மிஞ்சியிருப்பது விரிப்பு, விரல் அல்ல. முறைப்பாடு பதிவாகாததற்குக் காரணம் வலி இல்லாதது என்று கொள்ள முடியாது. ஆந்திராவின் நர்சாபூர் இதற்கு நல்ல சாட்சி. மிஷனரிகள் விதைத்த குறோசே லேஸ் அங்கே ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்து, 2024இல் புவிசார் குறியீடும் பெற்றது. மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தப் பெண்களின் நிலையைப் பதிவு செய்தது: நாள் முழுதும் பின்னியவர்கள் தொழிலாளராகக் கணக்கில் வரவில்லை, வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்றே கூலியும் பேசப்பட்டது. பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துவிட்டால் கூலி குறைவது மட்டுமல்ல, கைவலியும் கணக்கில் வராது. நம் வீடுகளிலும் அதே கதைதான். வீட்டுத் தலைவர் பாவிக்கும் மண்வெட்டிக்குப் பிடி சரியில்லை என்றால் மறுநாளே தச்சரிடம் போகும். அம்மாவின் ஊசிப் பிடியைப் பற்றி யார் பேசினார்கள்?

நல்ல பிடி என்றால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் பருமன், வேர்வையில் வழுக்காத மேற்பரப்பு, உள்ளங்கை வரை எட்டும் நீளம். ஜப்பானின் குளோவர், ஹிரோசிமாவின் டியூலிப் போன்ற நிறுவனங்கள் மெத்தென்ற பிடி போட்ட ஊசிகள் விற்கின்றன. வெளிநாட்டு உறவினர் என்ன வேண்டும் என்று கேட்டால் பத்து உருண்டை நூலுக்குப் பதில் இப்படி ஒன்றிரண்டு ஊசி கேட்பது புத்தி. நூல் தீரும், ஊசி வருடக்கணக்கில் இருக்கும். விலை கட்டாது என்றால் பழைய உருக்கு ஊசியின் தண்டில் பருத்தித் துணி நாடாவை நெருக்கிச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் ரியூப் துண்டொன்றை ஏற்றலாம். தச்சரிடம் சொன்னால் பூவரசங் கட்டையில் பிடி கடைந்து துளைபோட்டுத் தருவார். பனங்கட்டை வேண்டாம், அதன் கறுப்பு நார் சிராயாகக் கிளம்பி விரலில் ஏறும், நூலையும் இழுக்கும். தலையையும் கவனிக்க வேண்டும். சில ஊசிகளில் வெட்டு ஆழமாக, தலையும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்; சிலவற்றில் கழுத்து ஒடுங்கித் தலை உருண்டிருக்கும். இறுக்கிப் பின்னுகிறவருக்கு இரண்டாவது வகை கண்ணிக்குள் எளிதாக நுழையும். பிரியும் நூலை முதல் வகை விடாமல் பிடிக்கும். கடையிலேயே நூலை இரண்டாக மடித்து வெட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம். விளிம்புக்கு வெளியே வழிந்தால் அந்த நூலுக்கு அந்த ஊசி சிறிது. உப்புக்காற்றில் உருக்கு ஊசியின் பூச்சு உரிந்தால் துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை விடும். வேலை முடிந்ததும் துடைத்து, துணியில் சுற்றி, மூடி இறுகும் போத்தலில் போட்டு வைக்க வேண்டும்.

பொதிகள் பல நாடுகளிலிருந்து வருவதால் இலக்கச் சிக்கலும் கூடவே வரும். பழைய பிரித்தானிய முறையில் 8ஆம் நம்பர் ஊசி 4 மில்லிமீற்றர்; அமெரிக்க முறையில் அதே 8 என்பது 5 மில்லிமீற்றர். ஒன்றில் இலக்கம் ஏற ஊசி மெலியும், மற்றதில் பருக்கும். குறோசே நூலிலோ இலக்கம் ஏற ஏற நூல் மெல்லியது. தையலின் பெயரும் தப்பவில்லை: லண்டன் புத்தகம் ‘டபிள் குறோசே’ என்பதை ரொறன்ரோ அக்கா அனுப்பிய அமெரிக்க மாதிரி ‘சிங்கிள்’ என்கிறது. இதில் தெளிவாக நிற்பது மில்லிமீற்றர் மட்டும்தான். ஊசியில் அது பொறிக்கப்படாவிட்டால் தண்டை அளந்து, அழியாத மையால் பிடியில் எழுதி வையுங்கள். நூல் லேபலில் சாயத் தொகுதி இலக்கம் இருக்கும். ஒரு விரிப்புக்குத் தேவையான உருண்டை எல்லாம் ஒரே இலக்கத்தில் இருக்க வேண்டும். அரைவாசியில் நூல் தீர்ந்து மறுபடி பஸ் ஏறினால் அதே நீலம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடைசியாக ஒரு நியாயமான கேள்வி. மாதர் சங்கங்களில் பழகும் பெண்கள் பின்னுவது வெளிநாட்டுச் சனத்துக்கு விற்கத்தானே, அவர்களுக்குக் குளிர் இருக்கிறதே? உடுக்கப்போகும் உடம்பு ரொறன்ரோவில் இருந்தால் தைமாதக் குளிருக்குக் கம்பளிதான் வேண்டும்; என் வாதமே அதைத்தான் சொல்கிறது. அப்படியான வேலைக்கு, சலவை இயந்திரத்தில் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி நூலைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே ஒருவரும் குழந்தைத் தொப்பியைத் தனியாகக் கையால் தோய்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பெரிய போர்வையைவிடத் தொப்பி, காலுறை, சிறு சதுரங்களாகப் பின்னி இறுதியில் இணைக்கும் விரிப்பு ஆகியவை இந்த வெக்கையில் மடிக்கு இலகு. அனுப்பும்போது நூல் எது, எப்படித் தோய்ப்பது, ஊசி எத்தனை மில்லிமீற்றர் என்று ஒரு சிறு அட்டையில் எழுதிக் கட்டிவிட்டால், இன்னொன்று வேண்டும் என்று கேட்பவருக்கு அதையே மறுபடி பின்னிக் கொடுக்கவும் முடியும், விலை பேசவும் முடியும்.