சாரல் ஊரில் படத்துக்குப் பிரேம்

குற்றாலம் சித்திர சபையில் நடராசர் சிலையாக இல்லை. சுவரில் ஓவியமாக ஆடுகிறார். அவருக்குப் பிரேம் வேண்டாம்.

உங்கள் மகள் தாளில் வரைந்த படத்துக்கு வேண்டும். ஜூன் பிறந்தால் தென்காசிப் பக்கம் சாரல். காற்றே ஈரம். வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மூக்கு கண்ணாடியோடு வந்துவிடும்! அழுகிற பிள்ளைக்கு யார் சமாதானம் சொல்வது?

ஆகவே, தடித்த அட்டையின் நடுவே ஜன்னல்போல் வெட்டி, படத்தின்மேல் வையுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாது. படத்தின் முதுகு முழுவதும் பசை தடவாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டு இடம் போதும். பின்புற இடுக்குகளில் காகிதம் ஒட்டினால் பூச்சி நுழையாது.

பிரேமின் பின்னால், கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு வைத்து மாட்டுங்கள். சுவர் ஈரம் தாக்காது. வெயில் அடிக்கும் நாளிலேயே இதைச் செய்யுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சணம் பூக்கும்.