உங்களுக்குத் தெரியுமா? ராக்கெட் வாணத்துக்குக் குச்சி எதற்கு?

சிவகாசி ராக்கெட்டை நிமிர்த்திப் பிடிப்பது குச்சியின் எடை என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் புவியீர்ப்பு வாணத்தையும் குச்சியையும் சேர்த்தே இழுப்பதால், பறக்கும்போது அந்த எடை ராக்கெட்டைத் திருப்பாது. நிமிர்த்துவது காற்று. மூக்கு சாய்ந்தால் நீண்ட குச்சியின் பக்கவாட்டில் காற்று மோதி, வாலை நேர்கோட்டுக்குத் தள்ளும். 1968-இல் ஃபார்முலா 1 கார்களில் ஏறிய தலைகீழ் இறக்கை, காரைத் தரையோடு அழுத்துவதும் இதே காற்றால்தான். இரண்டிலும் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அப்படியானால் வேகமே இல்லாத தொடக்கத்தில் ராக்கெட்டுக்கு வழிகாட்டுவது எது? அதற்குத்தான் பாட்டிலில் செங்குத்தாக நிறுத்துகிறோம். கிளம்பிய பிறகு குச்சியே துணை. குச்சியின் நீளம் குறைந்தால் காற்றின் பிடியும் குறையும். ஆகவே அதை ஒருபோதும் ஒடிக்காதீர்கள். திசை தவறிய வாணம் யார் வீட்டிலும் பாயலாம்.