வெள்ளமும் வாப்பாவின் காரும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. புதிய கார் பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை எங்கே போய் வாங்குவது? வாப்பா ஆசையாய் வாங்கிய பழைய கார் வீட்டில் இருக்குமாயின், அதைக் காக்கும் வழியை மழைக்கு முன்பே அறிந்து வைத்தல் நலம்.

வெள்ள எச்சரிக்கை கேட்டவுடன் காரை மேடான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். இயலாவிடில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஷெட்டில் உள்ள பெட்ரோல், ஆயில் டப்பாக்களையும் உதிரி பாகங்களையும் உயரத்தில் ஏற்றி வையுங்கள்.

நீர் வடிந்ததும் பலர் செய்யும் பெரும்பிழை, "ஓடுகிறதா, பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதே. காற்று அழுத்தினால் சுருங்கும், நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் பிஸ்டன் மேலெழுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், எஞ்சினே பாழாகும். ஆகவே காரைக் கட்டி இழுத்தே மெக்கானிக்கிடம் சேர்ப்பியுங்கள். எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். எஞ்சின், கியர், ஆக்சில் ஆயில்களை மாற்றி, பிரேக்குகளைக் கழற்றித் துடைத்த பின்னரே ஓட்ட வேண்டும்.

இருக்கைகளையும் விரிப்புகளையும் அன்றே வெளியே எடுத்து, சேறு காயுமுன் நல்ல நீரால் கழுவி உலர்த்துங்கள். தங்கும் ஈரமே துருவுக்கு வித்து. அவசரம் ஒரு நொடியில் கெடுப்பதைப் பொறுமை பல்லாண்டு காக்கும்.