சென்னை எலக்ட்ரிக் பஸ் யாருடையது? டிக்கெட் காசு யாருக்குப் போகிறது?

சென்னையில் ஓடும் எலக்ட்ரிக் பஸ்ஸில் கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் (எம்டிசி) ஆள். டிரைவர் தனியார் நிறுவனத்தின் ஆள். பஸ்ஸின் மேல் இருப்பது எம்டிசி பெயர்தான். ஆனால் பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் எம்டிசி இல்லை. அப்போ இது அரசு பஸ்ஸா, தனியார் பஸ்ஸா? விரிவாகப் பார்ப்போம்.

எப்போது வந்தது?

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து ஏசி மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. உலக வங்கி உதவியோடு நடக்கும் இந்தத் திட்டத்தின் முதல் கட்ட இலக்கு 625 பேருந்துகள். ஒருமுறை சார்ஜ் போட்டால் சுமார் 200 கி.மீ. ஓடும்.

எம்டிசியே ஏன் வாங்கவில்லை?

காரணம் விலை. 12 மீட்டர் நீள எலக்ட்ரிக் பஸ் ஒன்றின் விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். டீசல் பஸ்ஸை விட இது அதிகம். பேட்டரியைப் பராமரிக்கும் பொறுப்பு வேறு. ஆனால் ஓட்டும் செலவு குறைவு. டீசல் பஸ் ஒரு லிட்டருக்கு நாலு, அஞ்சு கி.மீ. தான் தரும். அதாவது கிலோமீட்டருக்கு எரிபொருளுக்கு மட்டும் 20 ரூபாய் அளவில் போய்விடும். மின்சாரத்தில் இந்தச் செலவு கணிசமாகக் குறையும்.

முதலீடு பெரிது, லாபம் மெதுவாகத்தான் வரும். அதனால்தான் முதலீட்டைத் தனியாரிடம் விட்டு, சேவையை மட்டும் வாடகைக்கு எடுக்கும் முறை வந்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் இதை ஜிசிசி என்கிறார்கள். டெல்லி, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களிலும் மின்சாரப் பேருந்துகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன.

யார் எதைச் செய்கிறார்கள்?

* பஸ் வாங்குவது, பராமரிப்பது, டிரைவர் நியமிப்பது: தனியார் நிறுவனம். சென்னையில் அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் குளோபல் மொபிலிட்டி
* வழித்தடம், நேரம், டிக்கெட் விலை, கண்டக்டர்: எம்டிசி
* டிக்கெட் காசு: முழுவதும் எம்டிசிக்கு
* தனியார் நிறுவனத்துக்குக் கிடைப்பது: ஓடிய கிலோமீட்டருக்கு ஒரு தொகை. ஏசி இல்லாத பஸ்ஸுக்கு சுமார் 77 ரூபாய், ஏசி பஸ்ஸுக்கு சுமார் 81 ரூபாய்

நஷ்டம் வந்தால் யாருக்கு?

உதாரணத்துக்கு, ஏசி இல்லாத ஒரு பஸ் ஒரு நாளில் 200 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்டிசி கொடுக்க வேண்டியது 15,400 ரூபாய். அன்றைய டிக்கெட் வசூல் 10,000 ரூபாய் என்றால், மீதி 5,400 ரூபாய் எம்டிசி கையிலிருந்து போகும். கண்டக்டர் சம்பளம் தனி. பஸ் காலியாக ஓடினாலும் ஆபரேட்டர் பணம் குறையாது.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. வசூலுக்காக ஓடும் தனியார் பஸ்களில் ‘டைமிங்’ சண்டையும், முந்திச் செல்லும் போட்டியும் வழக்கம். இங்கே கூட்டம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஆபரேட்டருக்கு ஒரே வருமானம். விரட்டி ஓட்ட அவசியமே இல்லை.

மறுபக்கம், ஒவ்வொரு கூடுதல் நடையும் எம்டிசிக்குச் செலவு. கையில் பணம் இறுகினால், கூட்டம் குறைவான வழித்தடத்திலும் கடைசி பஸ் நேரத்திலும்தான் முதலில் கை வைக்கத் தோன்றும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பாதிக்கும் இடம் இதுதான்.

தொழிற்சங்கங்கள் ஏன் எதிர்க்கின்றன?

டிரைவர் வேலை தனியாருக்குப் போகிறது என்பதே முக்கியக் காரணம். டீசல் பஸ்கள் கழிக்கப்பட்டு அந்த இடத்தில் ஒப்பந்த பஸ்கள் வந்தால், கழகத்தின் நிரந்தர டிரைவர், மெக்கானிக் பணியிடங்கள் மெல்லக் குறையும் என்பது அவர்களின் கவலை. இது படிப்படியான தனியார்மயம் என்கிறார்கள். வழித்தடமும் கட்டணமும் கழகத்தின் கையில் இருப்பதால் இது தனியார்மயம் ஆகாது என்பது அரசுத் தரப்பு வாதம்.

பணம் பாக்கி விழுந்தால்?

போக்குவரத்துக் கழகங்கள் நேரத்துக்குப் பணம் தருமா என்ற பயம் நாடு முழுக்க ஆபரேட்டர்களுக்கும், அவர்களுக்குக் கடன் தரும் வங்கிகளுக்கும் இருக்கிறது. இதற்காகவே 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 3,435 கோடி ரூபாயில் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது. கழகம் பணம் தரத் தவறினால் இந்த நிதியிலிருந்து ஆபரேட்டருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு மாநிலத்திடம் வசூலிப்பார்கள்.

ஆக, இது அரசு ஓடச் சொல்லும் தனியார் பஸ். புகை இல்லை, சத்தம் இல்லை, வீல்சேரிலும் ஏறலாம். உங்கள் ரூட்டில் எத்தனை நடை ஓடும் என்பதை முடிவு செய்வது எம்டிசி. கேள்வி கேட்க வேண்டிய இடமும் அதுதான்.